ஆனைக்கல்லில் போட்ட வெளிச்சம்

ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்தில் பனிக்குள் ஆள் தவறினால் கோயில் வெளிச்சம் போடுவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல. மாரியம்மன் கோயில் தோட்டத்திலேயே உயரமான பாறையில் இருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், ஃபெக்டரி, பேராதனைக்கு இறங்கும் பாதை எல்லாம் அதற்குக் கீழே. விறகுக்குப் போன ஒருத்தி இருட்டியும் திரும்பவில்லை என்றால், கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியவன் வீடு சேரவில்லை என்றால், ஒருவர் பாறைக்கு ஓடுவார், இன்னொருவர் தப்பு மேளத்தை எடுத்து அடிப்பார். முன்பு பந்தம் கொளுத்தினார்கள். இப்போது திருவிழாவுக்கு வாங்கிய பெரிய போக்கஸ் லைட்டுகள் இரண்டு இருக்கின்றன. பனிக்குள் நிற்கிறவனுக்கு அது கரைத்த மாவு மாதிரி வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்து நடந்தால் போதும், வீடு வந்துவிடும்.

ஐப்பசியில் விமானம் விழுந்ததிலிருந்து அந்த வெளிச்சம் எரியவில்லை.

சுவிட்ச் பெட்டியின் சாவி வீரய்யாவிடம் இருந்தது. ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் பக்கம் அவனுக்கு வேலை. கோயில் கமிட்டியில் லைட் அவன் பொறுப்பு. சாவியை வாங்கி வேறு யாராவது போட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அவன் மனைவி கலாராணியிடம் மட்டும் பக்கத்துக் காம்பரா சுப்பம்மா ஒருமுறை சொன்னாள்.

"ஒன் புருசனால மாரியாத்தா இருட்டுல சோறு திங்கிறா. பங்குனித் திருவிழாவுக்காச்சும் அவ மொகத்த நாங்க பாக்கணுமா வேணாமா?"

கலாராணி சிரித்துவிட்டு உள்ளே போனாள். உள்ளேயும் இருட்டுத்தான். பொழுது சாய்ந்தபின் வீட்டு பல்பைக்கூட வீரய்யா தானாகப் போடுவதில்லை. அவள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்வரை இருட்டில் கதிரையில் உட்கார்ந்திருப்பான். அவள் போட்டால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வந்துட்டியா என்பான்.

அன்றிரவு நடந்ததைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். சாப்பிட்டு முடிக்கும் நேரம். வாசலில் நின்றால் எதிர் லயம் தெரியாத பனி. மேலே ஒரு சத்தம் கேட்டது. முதலில் லொறி என்று நினைத்தார்கள். லொறி வானத்தில் சுற்றாது என்று விளங்கியதும் எல்லோரும் வெளியே வந்தார்கள். சத்தம் கிட்ட வந்தது, தூரப் போனது, மறுபடி கிட்ட வந்தது. சின்ன விமானம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அண்ணாந்த முகங்களில் தூறல் விழுந்ததுதான் மிச்சம். வழி தெரியாமல் ஓர் ஆள் சுற்றுகிறான் என்று மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. எதிர் லயத்து ராஜலிங்கம் உள்ளே போய்த் தப்பை எடுத்து வந்து அடிக்கத் தொடங்கினார். ஆகாயத்தில் இருக்கிறவனுக்குத் தப்புச் சத்தம் கேட்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் இங்கே இங்கே என்று கத்தின.

கலாராணிதான் சொன்னாள்.

"என்னங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, போய் லைட்டப் போடுங்க."

வீரய்யா ஓடினான். பாறைக்கு மேலே பனி திடீரென்று வெளுத்தது. கீழே நின்றவர்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள், தவறிய ஆள் கிடைத்துவிட்ட மாதிரி. விமானச் சத்தம் மறுபடி கிட்ட வந்தது. பிறகு கோயிலுக்குப் பின்னாலிருக்கும் பைனஸ் காட்டில் மரங்கள் முறிந்தன. அதன்பின் ராஜலிங்கத்தின் தப்பு மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் காது மந்தம்.

விமானத்தில் அதை ஓட்டியவர் ஒருவர்தான் இருந்தார். பெயர் நஸீப், அக்குறணைக்காரர். திருகோணமலையில் ஆட்களை இறக்கிவிட்டு வெறுமையாகக் கொழும்புக்குத் திரும்பியவர். காலையில் உடலை இறக்கிப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கலாராணி அங்கே வேலையில் இருந்தாள். சவச்சாலைக்கு வெளியே பெஞ்சில், தலையை மூடிய ஓர் இளம்பெண் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நஸீபின் மனைவி ஆஸிகா. கலாராணி தண்ணீர் கொடுத்தாள். தான் ஆனைக்கல் என்று சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் குடிக்காமல் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கலாராணியின் நம்பரைக் கேட்டு வாங்கினாள்.

வீரய்யா சாப்பிடுவதை நிறுத்தினான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, என்ன நினைக்கிறான் என்று தோட்டத்துக்கே தெரியும். தரையில் நடக்கிறவனுக்கு அந்த வெளிச்சம் வீடு. பறக்கிறவனுக்கு அது பாறை. ஓடும்போது அவனுக்கு அது தோன்றவில்லை, போகச் சொன்னவளுக்கும் தோன்றவில்லை. அவள் சொல்லித்தான் போனான் என்பதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

பிறகு விசாரணைக்கு வந்த ஓர் அதிகாரி, கோயில் பாறையில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தப் பனியில் மேலே இருந்தவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று சிங்களத்தில் சொன்னார். போகிற போக்கில் சொன்ன வார்த்தை. தோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. கண்ட இடத்தில் எல்லாம் வீரய்யாவிடம் அதைச் சொன்னார்கள், மருந்து கொடுக்கிற மாதிரி. கலாராணி தினமும் சொன்னாள். ஒருநாள் அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டை இழுத்துச் சாப்பிட்டான். ஆமா, தெரிஞ்சிருக்காது என்றான். அன்றிரவு அவள் தூங்கினாள். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் வீடு நின்றது.

மாசியில் ஆஸிகாவின் அழைப்பு வந்தது. கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். அது முடிந்துவிட்டது, இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். கலாராணியால் மறுக்க முடியவில்லை. வீரய்யாவிடம் சொன்னபோது அவன் சரி என்று மட்டும் சொன்னான். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் மண்வெட்டியோடு எங்கோ போய் வந்தான்.

ஆஸிகா பின்னேரம் ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஓட்டோக்காரரைப் பாதையில் நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு பெண்களும் தேயிலைக்கிடையே ஏறினார்கள். வெயில் இருந்தது. எதிர்மலையில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. பைனஸ் காடு தொடங்கும் இடத்தில் கலாராணி நின்றுவிட்டாள். வழுக்கும் செங்குத்தான சரிவில் ஒருவர் ஏறக்கூடிய படிகள் வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு படிக்கும் முன்னால் மண் சரியாதபடி பைனஸ் கட்டை அடித்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரு வெட்டினது. எனக்கே தெரியாது" என்றாள்.

ஆஸிகா முதல் படியில் கால் வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அன்றைக்குக் கோயில் லைட்டைப் போட்டது அவர்தானா என்று கேட்டாள். கலாராணி திரும்பிப் பார்த்தாள். லைட் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்?

"கடைசியா அவரு எயார்போர்ட் டவருக்குச் சொன்னது ஒண்டு ஈக்கி" என்றாள் ஆஸிகா. "டவர்ல வேல செய்ற அவர்ட கூட்டாளி வந்து சொன்ன. 'கீழ வெளிச்சம் தெரியுது, ஆக்கள் ஈக்கிறாங்க' எண்டு. அதுக்குப் பொறகு ஒண்டும் இல்ல."

காட்டுக்குள் எங்கோ ஒரு காய் விழுந்தது. கலாராணி படியோரம் உட்கார்ந்தாள். அந்த அதிகாரியின் வார்த்தையை வீரய்யாவுக்குத்தான் ஊட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். அவளும் அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிந்தது. தெரிந்திருக்கிறது. பார்த்திருக்கிறார். ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூட நினைத்திருக்கிறார். போய் லைட்டப் போடுங்க என்று சொன்ன தன் குரல் அவளுக்கே கேட்டது.

ஆஸிகா அவசரப்படுத்தவில்லை, அவளுக்கு நாலு மாதம் சும்மா இருந்து பழகியிருந்தது.

"அத அவருகிட்ட சொல்லாதீங்க" என்றாள் கலாராணி கடைசியில்.

ஏன் என்று ஆஸிகா கேட்டாள். கலாராணி எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு, ஓட்டம், அதிகாரி, தட்டு, இருட்டில் கதிரை. ஒன்றும் தெரிந்திருக்காது என்ற ஒரு வார்த்தையில்தான் அவர் சோறு தின்கிறார், அதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை என்றாள். லைட்டைப் போடச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். ஆஸிகா முகம் மாறாமல் கேட்டாள்.

"நான் நாலு மாசமா ஒரு அறைக்குள்ள ஈந்த" என்றாள் பிறகு. "யோசிச்சிப் பாக்க ஒண்டுதான் ஈந்திச்சி. அவரு தனிய மவுத்தாகல்ல. கீழ யாரோ அவருக்காக எழும்பி வந்தீக்கிறாங்க. அதச் சொல்லத்தான் வந்த. ஏசுறதுக்கு வரல்ல அக்கா. எனக்கு இரிக்கிறது அது ஒண்டுதான்."

ஒரே வெளிச்சம். இவளுக்கு அது வேண்டும், வீரய்யாவுக்கு அது இருக்கவே கூடாது. கலாராணி எழுந்து புடவையைத் தட்டிவிட்டு முன்னால் ஏறினாள். பின்னால் அந்தப் பெண் ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்து வைத்து வரும் சத்தம் கேட்டது.

வீரய்யா மேலே காத்திருந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். விமானத்தின் துண்டுகளை எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். நுனி ஒடிந்த நாலைந்து மரங்கள் வரிசையாக நின்றன, போகப் போக உயரம் குறைந்து. கடைசி மரத்துக்கு அப்பால் மண் கறுத்திருந்தது. அதில் இன்னும் புல் முளைக்கவில்லை. அந்த இடத்தைச் சுற்றி அவன் பைனஸ் சருகைப் பெருக்கி வைத்திருந்தான்.

வாங்கம்மா என்றான். ஆஸிகா தலையசைத்தாள். கறுத்த மண்ணுக்கு முன் நின்று கைகளை ஏந்தி உதட்டுக்குள் ஓதினாள். வீரய்யா கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவள் கைகளால் முகத்தைத் தடவி முடித்தபின்னும் யாரும் அசையவில்லை. மரத்தடிகளுக்கிடையே கீழிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றான் வீரய்யா.

கலாராணி அவன் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் கேட்டுவிட்டான்.

"அவருக்கு எங்க லைட்டு தெரிஞ்சிச்சா?"

ஆஸிகா கலாராணியைப் பார்க்கவில்லை. ஒடிந்த மர நுனிகளை அண்ணாந்து பார்த்தாள், ஒன்றிலிருந்து மற்றதற்கு, அவர் வந்த வழியை அளப்பது போல. பனி மெல்ல அவற்றை மூடிக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று கலாராணிக்குத் தெரியவில்லை.

"இல்ல அண்ணா" என்றாள் ஆஸிகா. "அவருக்கு ஒண்டுமே தெரியல்ல. டவர்ல உள்ளவங்க சொன்னாங்க. கடைசி வரைக்கும் இருட்டு எண்டுதான் சொல்லீக்கிறாரு."

தன் கையாலேயே கணவனைத் திரும்ப இருட்டுக்குள் அனுப்பிவிட்டு அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கலாராணியால் அவளைப் பார்க்க முடியவில்லை.

வீரய்யா சரிங்கம்மா என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாமே என்றான். நேரமாகிறது என்று ஆஸிகா சொன்னாள். அப்படியென்றால் பனி மூடும் முன் பாதைக்குப் போய்விடுங்கள், கலா கூட்டிக்கொண்டு போவாள், எனக்குக் கோயில் பக்கம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மரங்களுக்கிடையே போனான்.

பனி அவர்களைப் பாதிவழியில் பிடித்தது. பகல் முடிந்துவிடவில்லை, ஆனாலும் தேயிலைச் செடிகள் முதலில் சாம்பலாகி, பிறகு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை மட்டும் மிஞ்சின. கலாராணிக்குக் கால் பழக்கம். ஆஸிகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். குளிர்ந்த, மெலிந்த மணிக்கட்டு. என்ன சொல்வது என்று தேடினாள். நன்றி என்பது அதற்குப் பொருந்தும் சொல்லாகத் தோன்றவில்லை.

அப்போது மேலே வெளுத்தது.

சத்தமில்லாமல் பனி முழுவதும் உள்ளிருந்து ஒளிர்ந்தது. பாறை தெரியவில்லை, கோயில் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பரப்பு மட்டும், நடுவில் கொஞ்சம் கூடுதல் வெள்ளை. கீழே லயங்களில் யாரோ ஏதோ கூப்பிட்டுச் சொல்வதும் சுப்பம்மாவின் குரலும் கேட்டன. ஆஸிகா திரும்பி நின்றுவிட்டாள். கலாராணி இழுத்தும் வரவில்லை.

"இப்படித்தான் தெரிஞ்சிரிக்கும்" என்றாள் மெதுவாக. "வடிவா ஈக்கி."

வெளிச்சத்தைப் பார்த்தபடி ஓர் அடி எடுத்து வைத்தாள். அந்தப் பக்கம் பாதை இல்லை, மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கான் இருந்தது. கலாராணி இரண்டு கையாலும் அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா. பாத கீழ. வெளிச்சத்த முதுகுல வச்சு நடங்க."

ஆஸிகா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள். அதன்பின் ஓட்டோ நின்ற இடம்வரை இருவரின் நிழல்களும் பனியில் முன்னால் போயின, மங்கலாக, அளவுக்கு மீறிப் பெரிதாக. ஏறி உட்கார்ந்தபின் ஆஸிகா கலாராணியின் கையைத் தானே எடுத்து ஒருமுறை அழுத்தினாள்.

கலாராணி வீட்டுக்குப் போகவில்லை. பாறைக்கு ஏறினாள். வெளிச்சத்தை நோக்கி நடக்க நடக்க ஒரு சுமை இறங்குவது போல இருந்தது. ஒரு பொய் போதுமாக இருந்திருக்கிறது, அவர் லைட்டைப் போட்டுவிட்டார், இனி வீட்டிலும் போடுவார்.

வீரய்யா சுவிட்ச் பெட்டியின் பக்கத்தில் நின்றான். பெட்டியின் கதவு திறந்திருந்தது. ஒரு கை உள்ளே இருந்தது.

"ஏறிட்டாங்களா?" என்றான்.

ஏறிவிட்டார்கள் என்றாள். அவன் கையை எடுக்கவில்லை.

"நல்ல புள்ள. எனக்காகப் பொய் சொல்லிட்டுப் போகுது."

அவள் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிளேன் திரும்புச்சு கலா. நான் லைட்டப் போட்ட ஒடனே திரும்புச்சு. சத்தம் அந்தாண்ட போய்க்கிட்டு இருந்தது இந்தாண்ட வந்துச்சு. நீங்கெல்லாம் கீழ இருந்தீங்க. இங்க நின்னது நான் ஒருத்தன்தானே."

லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் வரத் தொடங்கியிருந்தன. கலாராணி அந்தத் தட்டை நினைத்தாள். ஆமா, தெரிஞ்சிருக்காது என்று சொல்லி அதை இழுத்துச் சாப்பிட்ட இரவை நினைத்தாள். சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். அவள் தூங்கட்டும் என்று தின்ற சோறு அது. லைட்டப் போடுங்க என்று சொன்னவள் தூங்கட்டும் என்று.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் அந்தப் புள்ளகிட்ட கேட்டீங்க?" என்றாள் கலாராணி.

"ஏசட்டும்னுதான். யாராச்சும் ஒருத்தர் ஏசணும்ல. அவங்களுக்குத்தான் அந்த உரிமை இருக்கு."

"அப்ப இப்ப ஏன் லைட்டப் போட்டீங்க?"

அவளை ஒருமாதிரிப் பார்த்தான், இதென்ன கேள்வி என்பது போல.

"பனி மூடிருச்சு. ரெண்டு பேரு கீழ போறீங்க."

கலாராணி பாறையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே கண்ணுக்குத் தெரியாத பாதையில் ஓட்டோ ஒவ்வொரு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மறைந்து, வேறொரு வளைவில் இன்னும் சின்னதாகத் திரும்ப வந்தது. வீரய்யா அதைக் கேட்கவில்லை. கழுத்தை அண்ணாந்து, விரலைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, வெளுத்த பனிக்கு மேலே உள்ள இருட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். மேலே ஏதாவது வந்தால் அணைக்க வேண்டும். கீழே போகிறவர்கள் போய்ச் சேரும்வரை அணைக்கக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் அவளும் அண்ணாந்தாள். முகத்தில் தூறல் விழுந்தது.